விண்ணப்பத்தில் இடம்பெறாத வாசகர்: கூட்டாய்வரங்குகளும் நிதிநல்கையின் மொழியும்

முன்னுரை

பல்கலைக்கழக நிதியுதவியுடன் கூட்டாய்வரங்கு ஒன்றை நடத்த விரும்பும் தமிழாய்வாளர் முதலில் எழுத வேண்டியது விண்ணப்பம். அது அச்சேறுவதில்லை, அதற்கு எவரும் மதிப்புரை எழுதுவதில்லை. எனினும், அயல்நாட்டுத் தமிழியலில் எப்பனுவல் வாசிக்கப்படும், எவர் வாசிப்பர், எவர் பெயர் தொகுப்பின் முகப்பில் நிற்கும் என்பனவற்றைப் பெரும்பாலும் அதுவே முன்கூட்டித் தீர்மானிக்கிறது. ஆகவே விண்ணப்பத்தையும் ஒரு பனுவல் வகையாகக் கொண்டு திறனாய்தல் தகும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இங்கு ஒரு சொல்லைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். தமிழில் ‘கருத்தரங்கு’ என்பது ஓரிரு நாள் கூடிக் கட்டுரை படித்துக் கலையும் நிகழ்வையே பெரிதும் குறிக்கிறது. ‘ஆய்வரங்கு’ என நான் இங்குச் சுட்டுவது, ஒரு சிறு குழு ஓராண்டோ அதற்கு மேலோ வாரந்தோறும் அமர்ந்து ஒரு பொருளைச் சேர்ந்து ஆராயும் முறையை.

நாற்றங்கால்

‘செமினார்’ என்னும் சொல்லின் மூலமாகிய இலத்தீன் ‘செமினாரியும்’ நாற்றங்காலைக் குறிப்பது. 1787இல் ஃபிரெட்ரிக் ஆகஸ்ட் வோல்ஃப் ஜெர்மனியின் ஹாலே நகரில் தொடங்கிய மொழிநூல் ஆய்வரங்கு இம்முறைக்கு முன்மாதிரிகளுள் ஒன்று. அங்கு உதவித்தொகை பெற்ற மாணவர் பேராசிரியர் முன்னிலையில் தாமே பனுவலுக்கு உரை கண்டனர். பயிற்சியே அதன் பயன்.

தமிழுலகும் இதற்கு அயலன்று. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கற்கப் புகுந்தபோது, கல்லூரி ஆசிரியராக இருந்தும், கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று ஐயம் தீர்த்துக்கொண்டார். அந்நூலைத் தம் சமய நூலாகப் போற்றி ஓதிவந்தவர் அவர்கள். பதிப்புச் செலவுக்கு அன்பர்களிடம் கையொப்பம் சேர்த்தார். நூல் 1887இல் வெளிவந்தது. கையொப்பமிட்டோர் நூலை வேண்டினர். வாசிப்பதற்கு முன்பே அதன் முடிபை வேண்டவில்லை.

படிவம் கேட்பவை

இன்றைய படிவமோ முடிபையே முதலில் கேட்கிறது. ‘ஆய்வு வினா’, ‘எதிர்பார்க்கப்படும் விளைவுகள்’, ‘துறைகளுக்கிடையிலான தாக்கம்’ என்னும் தலைப்புகளின் கீழ், இன்னும் வாசிக்காத பனுவலைப் பற்றி நாம் உறுதிமொழி தர வேண்டியிருக்கிறது. அறிவியல் ஆய்வுத் திட்டத்திற்குப் பொருந்தும் இம்முறை, உரைநூல் வாசிப்பிற்குப் பொருந்துமா என்பது வினா.

நல்கையாளரைக் குறை கூறுதல் எளிது. நேர்மையாக இரு புறமும் நோக்க வேண்டும். அமெரிக்காவின் மெலன் அறக்கட்டளை 1994இல் நிறுவிய சாயர் ஆய்வரங்குகள் இவ்வகையில் புகழ்பெற்றவை. பண்பாடுகளின் ஒப்பியல் ஆய்வுக்கென அமைந்த அத்திட்டம், ஒவ்வோர் அரங்கிற்கும் முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வாளர் ஒருவருக்கும், ஆய்வேடு எழுதும் மாணவர் இருவருக்கும் உதவித்தொகை வழங்க இடமளித்தது. இளையோரை மறவாத ஏற்பாடு இது. ஆயினும் ‘ஒப்பியல்’ என்னும் நிபந்தனை, கருப்பொருளை முன்னிறுத்திப் பனுவலைச் சான்றாகச் சுருக்கும் இயல்புடையது. தற்காலிக ஆய்வு மையமாகவே அரங்கு கருதப்பட்டமையால், நாற்று வேர்பிடிக்கும் பருவத்தில் நிலம் கைமாறிவிடுகிறது.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டானன்பாம் முயற்சியால் 1945இல் தொடங்கிய ஆய்வரங்குகள் வேறு வழியைக் காட்டுகின்றன. அவை ஆண்டுதோறும் தொடர்வன. கல்விப்புலத்துக்கு வெளியே பணிபுரிவோரையும் உறுப்பினராக ஏற்பன. ஒரு பொருளை அறிந்தவர் அனைவரும் பல்கலைக்கழகத்திற்குள் இருப்பதில்லை என்னும் தெளிவு அதன் அடிப்படை.

ஒரு விண்ணப்பத்தின் கதை

இக்குறைக்கு நானும் உடந்தை. வட அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றிய காலத்தில், நச்சினார்க்கினியர் உரையுடன் சிந்தாமணியை வாசிக்க ஓர் ஆய்வரங்கிற்கு விண்ணப்பித்தேன். பதின்மூன்று இலம்பகங்களுள் முதலாவதான நாமகள் இலம்பகத்தில் ஒரு பகுதியே எங்கள் இலக்கு. இருமுறை மறுக்கப்பட்டது, ‘பரந்த பொருத்தப்பாடு தெளிவாக இல்லை’ என்பது மதிப்பீடு. மூன்றாம் முறை தலைப்பிலிருந்து சிந்தாமணியையும் உரையாசிரியரையும் நீக்கி, ‘பனுவல், சுற்றோட்டம், மத்தியகால உலகம்’ என மாற்றினேன். நல்கை கிடைத்தது. பணித்திட்டத்தில் மாற்றம் ஏதுமில்லை.

அவ்வரங்கின் உண்மையான தலைவர் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். முனைவர் பட்டம் இல்லாமையால் இணை இயக்குநராக அவரைக் குறிக்கப் படிவத்தில் வழியில்லை. ‘ஆதார நபர்’ என்னும் இனத்தில் பதிந்தேன். ஒரு நாள் வந்து உரையாற்றிச் சென்ற விருந்தினர் பேராசிரியருக்கு அளித்த மதிப்பூதியம், அவர் ஒரு மாதம் பாடம் சொன்னதற்கு அளித்ததை விட மிகுதி.

நச்சினார்க்கினியர் செய்யுளின் சொற்களை இடம் மாற்றிக் கொண்டுகூட்டிப் பொருள் காணும் இயல்பினர் என்பதை அவையோர் அறிவர். அத்தகைய இடங்களில் மாணவர் அகராதியைப் புரட்ட, ஆசிரியர் செய்யுளை உள்ளவாறே ஒருமுறை ஓதுவார். பின் உரையாசிரியர் கொண்ட முறையில் மறுமுறை ஓதுவார். இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு செவிக்குப் புலப்படும். உரையாசிரியர் எதை வலிந்து பெற்றார், எதனைச் செய்யுளே இசைந்து தந்தது என மாணவர் தாமே வினவத் தொடங்கினர். அவ்வாண்டில் நிகழ்ந்த பெரும்பயன் அது. இறுதி அறிக்கையில் அதனை எழுதுவதற்குரிய கட்டம் இல்லை. வெளியீடுகளின் எண்ணிக்கையை எழுதினேன். தொகுப்பின் முன்னுரையில், நன்றியுரையின் கடைசி வாக்கியத்தில், ஆசிரியர் பெயர் வந்தது.

இதனைப் படிவத்தின் குற்றம் எனச் சொல்லி விலகிவிட இயலாது. மதிப்பூதியத்தைப் பகிர்ந்தவன் நான். முன்னுரையை எழுதியவனும் நானே.

இதற்கு மாறான முன்னுதாரணம் நம் கண்முன் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தேவாரப் பதிப்பு, 1984 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தபோது, பண்டிதர் தி. வே. கோபாலையர் பெயரைப் பதிப்பாசிரியராகவே தாங்கி வந்தது. மரபுவழிக் கல்வியாளருக்குரிய இடம் நன்றியுரையன்று என்பதை அது மெய்ப்பித்தது.

முடிவுரை

நம் தலைமுறையினர் பலர் இன்று விண்ணப்பிப்போர் மட்டுமல்லர். மதிப்பீட்டுக் குழுக்களிலும் அமர்கின்றோம். ஆதலின் மூன்று முன்மொழிவுகளை இவ்வவையின் முன் வைக்கிறேன். ஒன்று, பனுவலின் பெயர் தலைப்பிலேயே நிற்கட்டும்; அதன் பொருத்தப்பாட்டை விளக்குவது நம் கடமை, அதை மறைப்பதன்று. இரண்டு, பாடம் சொல்லும் ஆசிரியருக்கென வரவுசெலவுத் திட்டத்தில் தனி இனம் வேண்டும். அது வருகைப் பேராசிரியருக்குரிய அளவில் அமைய வேண்டும். மூன்று, வெளியீட்டில் அவர் பங்கு பொறுப்பின் பெயராலேயே குறிக்கப்பட வேண்டும். விளக்கம் அவருடையதாயின் ஆசிரியர் பெயரும் அவருடையதே.

இவற்றுள் முதலாவதற்கு நல்கையாளரின் இசைவு தேவைப்படலாம். மூன்றாவதற்கு நம் இசைவு மட்டுமே போதும்.