கிணறு கெட்டால் வழக்காளி யார்?

மாமி வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தேன். வாளி மேலே வருவதற்கு முன்பே மணம் வந்துவிட்டது, ஜெனரேற்றர் அறைக்குள் தலையை நீட்டினால் வரும் மணம். வாளியைத் தூக்கிக் கிணற்றுக்கட்டில் வைத்து வெயிலில் சரித்துப் பார்த்தால், தண்ணீரின் மேல் மயிற்கழுத்து நிறத்தில் ஒரு மெல்லிய படலம். விரலால் தொட்டால் விலகிப் போய் மறுபடி ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர்தான் குடிக்கவும் தோட்டத்துக்கும். ஓரிடத்தில் ஊற்றிய எண்ணெய் கல்லின் வெடிப்புகள் வழியே எந்தக் கிணற்றுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

மாமி கேட்டார்: "தம்பி, நீ சட்டம் படிச்சனி. இதுக்கு ஆரிட்டப் போய் வழக்குப் போடுறது?"

போடலாம் என்று சொல்லிவிட்டேன். எந்த நீதிமன்றத்தில், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் என்று யோசித்தபோதுதான் வாய் அடைத்தது.

தண்ணீரை மாசாக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அது அநேகமாக எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் யாராவது அதை மீறி என் கிணற்றைக் கெடுத்தால், அந்தச் சட்டத்தின் பேரிலேயே நான் நீதிமன்றப் படி ஏறலாமா? அல்லது, நீ முறைப்பாடு எழுதிக் கொடு, மிச்சத்தை அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பதா? இலங்கையும் இந்தியாவும் பிரிவது இந்த இடத்தில்.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை அதன் பிள்ளை. கழிவு வெளியேற்றும் தொழிற்சாலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும், நிபந்தனையை மீறினால் குற்றம், அதிகாரசபை நீதவான் நீதிமன்றம் போகலாம். எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், யாரும் கருத்துச் சொல்லலாம். ஆனால் உரிமம் மறுக்கப்பட்டால் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டம் யாருக்கு எழுதி வைத்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். உரிமம் கேட்டவருக்கு. வேலிக்கு இந்தப் பக்கம் கிணறு வைத்திருக்கும் மாமிக்கு அந்தப் பக்கங்களில் பெயரில்லை. அவர் கருத்துச் சொல்லலாம், முறைப்பாடு செய்யலாம். வழக்காளியாக அந்தச் சட்டம் அவரைக் கற்பனை செய்யவில்லை.

இந்தியாவும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. 1974இன் தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகார் கொடுத்தால், அல்லது எழுத்தில் முன் அனுமதி தந்தால்தான் நீதிமன்றம் குற்றத்தைக் கையில் எடுக்கும். வாரியம் தூங்கினால் சட்டமும் தூங்கும்.

பிறகு 1984 டிசம்பரில் போபால். அதன் பின்னால் டெல்லி செய்த இரண்டு காரியங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. 1985இல் ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்காகவும் வழக்கு நடத்தும் உரிமையை மத்திய அரசு தானே எடுத்துக்கொண்டது. மூச்சுத் திணறியவருக்குத் தன் பெயரில் வழக்காட இடமில்லை. 1989 பெப்ரவரியில் 47 கோடி டொலருக்கு அரசு சமரசம் செய்தபோது, அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு சொன்னது. ஆனால் நடுவில், 1986இல், அதே நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 19ஆம் பிரிவு, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்த மனிதரும் நேராக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் என்கிறது. ஒரு கையால் பறித்ததும் மறு கையால் கொடுத்ததும் ஒரே ஆட்கள்தான். 1988இல் தண்ணீர்ச் சட்டத்தின் 49ஆம் பிரிவையும் அதே போலத் திருத்தினார்கள். அப்படிப் புகார் செய்பவர் கேட்டால், பொதுநலனுக்குக் கேடில்லாத வரை வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைக் கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால், திருத்தத்தில் மிகவும் பயனுள்ள வரி அதுதான். தண்ணீரைப் பரிசோதித்த தாள் கையில் இல்லாதவன் நீதிமன்றத்தில் வாளியையா காட்டுவது?

தமிழ்நாட்டில் தோல் ஆலைகள் உள்ள ஆம்பூர்ப் பக்கத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் அனுப்பிய 60 நாள் நோட்டீசின் ஒப்புகை அட்டையை இன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். "பலன் இருந்ததா சார்?" என்று கேட்டேன். "இருந்துச்சே. பகல்ல கழிவு விடுறதை நிறுத்திட்டாங்க." சிரிக்காமல் தொடர்ந்தார்: "ராத்திரிலதான் விட்டாங்க." 60 நாள் என்பது வாரியத்துக்குக் கொடுக்கும் அவகாசம்தான். ஆனால் செய்தி கசிந்தால், குழாயை மாற்றிப் போடுவதற்கும் அது தாராளமாகப் போதும். அந்தப் பிரிவைப் பயன்படுத்தி வெற்றி கண்டவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றார் அவர். இப்போது 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் சட்ட மீறல்கள் பலவற்றுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, ஓர் அதிகாரி அபராதம் விதிக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டது. குற்றவியல் கதவைத் தட்டுபவருக்கு உள்ளே கிடைப்பது இன்னும் குறைந்துவிட்டது.

உண்மையில் திறந்த கதவு 2010இல் வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, யார் மனுப் போடலாம் என்று ஒரு பட்டியலே தருகிறது. உடலுக்குத் தீங்கு நேர்ந்தவர், சேதமான சொத்தின் உரிமையாளர், இறந்தவரின் வாரிசு, பாதிப்புற்ற எவரும், அமைப்புகள் உட்பட. மாமியின் கிணறு இந்தப் பட்டியலில் இரண்டு இடத்தில் பொருந்தும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தென் மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில் கலச மஹாலில் இருக்கிறது. விபத்து என்றால் ஆலைக்காரரின் கவனக்குறைவை மனுதாரர் நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நேர்ந்த சேதத்துக்குத் தவறு யாருடையது என்று பாராமலே பொறுப்பைச் சுமத்தச் சட்டம் சொல்கிறது. மாசாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டைத் தீர்ப்பாயம் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது.

இலங்கையின் கதவுகளைப் பார்ப்போம். நீதவான் நீதிமன்றத்தில் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு உண்டு, பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லிக் கேட்கலாம். அனல்மின் நிலையத்தின் எண்ணெயால் கிணறு கெட்ட யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் மக்கள் அந்த வழியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அது தொல்லையை நிறுத்தும், நட்டஈடு தராது. மாவட்ட நீதிமன்றத்தில் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி தீங்கு வழக்குப் போடலாம். அங்கே மற்றவரின் தவறையும் உங்கள் பண இழப்பையும் ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும், பேரப்பிள்ளை தீர்ப்புக் கேட்கும் காலம் வரை பொறுத்திருக்கவும் வேண்டும். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அதிகாரசபைக்கு எதிராக எழுத்தாணை கேட்கலாம்.

மிஞ்சியது அரசியலமைப்பு. சுன்னாகம் அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்த விவகாரம் 2015இல் அடிப்படை உரிமை மீறல் மனுவாக உயர் நீதிமன்றம் போனது. (தமிழ்நாட்டு வாசகர் இங்கே தடுமாறுவார். அவருக்கு உயர் நீதிமன்றம் என்றால் மாநிலத்து ஹைகோர்ட். இலங்கையில் அதுதான் நாட்டிலேயே மேலான நீதிமன்றம்.) மனுதாரர் சுன்னாகத்தில் கிணறு உடையவர் அல்லர், ஒரு சுற்றாடல் அமைப்பின் தலைவர், சிங்களவர். 126ஆம் உறுப்புரையின் சொற்களைப் பார்த்தால், உரிமை மீறப்பட்டவர் தானே வரலாம், அல்லது அவருக்காகச் சட்டத்தரணி வரலாம் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் பொதுநலனுக்காக வருபவரை நீதிமன்றம் ஏற்கப் பழகிவிட்டது. எப்பாவல பொஸ்பேற் சுரங்க வழக்கில் 2000ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு அந்தப் பாதையைத் துப்புரவாக்கியிருந்தது. 2019 ஏப்ரல் 4இல் தீர்ப்பு வந்தது. மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா கட்ட வேண்டும், கிணற்றைத் துப்புரவாக்க ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பைப் பாராட்டாதவர் இல்லை, நானும் பாராட்டுகிறேன். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர மனு என்ன வேடமெல்லாம் போட வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் செல்லும். தனியார் நிறுவனம் எண்ணெயை ஊற்றியது என்று மட்டும் சொன்னால் மனு வாசலிலேயே விழுந்துவிடும். ஆகவே முதலில் அரச நிறுவனங்கள் தம் கடமையைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். இலங்கை அரசியலமைப்பில் உயிர் வாழும் உரிமை வெளிப்படையாக இல்லை. சுற்றாடலைக் காக்கும் கடமை அரச கொள்கை நெறிகளில் இருக்கிறது, அதை வைத்து வழக்காட முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்கிறது. அதனால் கிணற்று எண்ணெய், 12(1)ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமை மீறலாக உருமாற வேண்டும். "சட்டத்தின் முன் எல்லாரும் சமம், என்ர கிணறு நாறுது" என்று மாமியால் ஒரே மூச்சில் சொல்ல முடியுமா? சட்டத்தரணி சொல்லுவார். அந்தச் சட்டத்தரணியும் நீதிமன்றமும் கொழும்பு புதுக்கடையில். யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இந்தியாவில் அடிப்படை உரிமைக்காக 226ஆம் பிரிவின் கீழ் அந்தந்த மாநில உயர் நீதிமன்றத்துக்கே போகலாம், மதுரையிலும் அமர்வு உண்டு. இலங்கையில் அந்த உரிமைக்கு ஒரே ஓர் இடம்தான்.

காலக்கெடு அதைவிடக் கொடுமை. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது 126(2). கிணற்றில் எண்ணெய் கலந்த திகதி யாருக்குத் தெரியும்? மீறல் தொடர்கிறது என்று வாதிடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் நாட்கள் அந்த மாதக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருப்பதால், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் அங்கேதான் ஓடுவார்கள். பசுமைத் தீர்ப்பாயத்திலோ சாதாரண மனுவுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து வருடம். தண்ணீர் மெல்ல நகரும் பொருள் என்று தெரிந்தவர் யாரோ எழுதிய கணக்கு அது.

2021இல் கொழும்புக் கடலில் எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் விவகாரத்திலும் மீனவர்களும் மற்றவர்களும் போனது இதே அடிப்படை உரிமை வழிதான். 2025 ஜூலையில் 100 கோடி டொலர் நட்டஈடு கட்ட உத்தரவு வந்தது. மாற்று வழி இத்தனை நன்றாக ஓடும்போது, புதுக் கதவு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

அவர்களுக்கு மறுமொழி சொல்லுமுன் நான் பாலாற்றங்கரைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே என் வாதத்துக்கு ஒரு சறுக்கல் இருக்கிறது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிரான மனு 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. அன்று 19ஆம் பிரிவு இருந்தும், மனுதாரர்கள் பிடித்தது அரசியலமைப்பின் 32ஆம் பிரிவைத்தான். இலங்கைக்காரர் போலவே. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாகத் தீர்ப்பு பதிவு செய்தது. திண்டுக்கல் பக்கத்தில் 13 ஊர்களில் எண்ணிய 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன என்ற கணக்கும் அதில் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28இல் வந்த அந்தத் தீர்ப்பு ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது, இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. ஆணையம் 2001இல் தொகையைத் தீர்மானித்தது. அதைக் கொடுத்து முடிக்கச் சொல்லி, ஆறு வாரக் கெடுவோடு உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டி வந்தது 2025 ஜனவரி 30இல். மனுப் போட்டு 34ஆம் ஆண்டு.

சுன்னாகத்துக்குத் தீர்ப்பு நாலு வருடத்தில் வந்தது. கதவுகள் எண்ணிக்கையில் அதிகம் உள்ள நாட்டில் கிணற்றுக்காரர் 34 ஆண்டு நிற்கிறார், சுற்றாடல் சட்டத்தில் அவருக்குக் கதவே இல்லாத நாட்டில் நாலே ஆண்டில் தீர்ப்பு. இதை வைத்துக்கொண்டு இலங்கை முறை மேல் என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. சுன்னாகம் வென்றதற்கு, யாரோ ஒருவர் தன் கிணறல்லாத கிணற்றுக்காகக் கொழும்பில் மனுப் போட்டது ஒரு காரணம். நீதியரசர்கள் உறுப்புரையை விரித்துப் படித்தது இன்னொரு காரணம். அடுத்த கிணற்றுக்கு அப்படி ஒருவர் வராவிட்டால், மாமி மறுபடி முறைப்பாட்டுக் கடிதத்தோடுதான் நிற்பார். ஆம்பூர் ஆசிரியர் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. தோற்பார், இழுபடுவார், ஆனால் தோற்பதும் தன் பெயரில்தான்.

போன மாதம் தொலைபேசியில் மாமியிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லப் பார்த்தேன். இந்தியாவில் ஆயிரம் ரூபாய் கட்டி மனுப் போடலாம் மாமி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"கிணறு இறைக்க வந்த பெடியன் ஒரு நாளைக்கு அதைவிடக் கூடக் கேக்கிறான்," என்றார். "சரி, நீ அந்தத் தண்ணியைப் பரிசோதிச்ச தாளை ஆரிட்ட வாங்கலாம் எண்டு முதல்ல சொல்லு."