தோழி இல்லாத களவு: ‘தி வெட்டிங் பேங்க்வெட்’ திரைப்படத்தில் அறத்தொடு நிற்றல்

ஆங் லீயின் ‘தி வெட்டிங் பேங்க்வெட்’ (1993) திரைப்படத்தில், தைவானிலிருந்து நியூயார்க் வரும் பெற்றோருக்காக வெய்துங்கின் வீடு மாற்றியமைக்கப்படுகிறது. சுவரிலிருந்த படங்கள் இறங்குகின்றன; தந்தையின் எழுத்தோவியச் சுருள்கள் ஏறுகின்றன. காதலன் சைமன் வீட்டு உரிமையாளனாக அறிமுகமாகிறான். வெய்துங்கின் கட்டடத்தில் குடியிருக்கும் வெய்வெய் மணமகளாகிறாள்.

இதனைக் களவு எனக் கொள்வதில் தடையில்லை. இடர் அடுத்த படிநிலையில் எழுகிறது. அகமரபின் அறத்தொடு நிற்றலில் உண்மை தலைவியிடமிருந்து தோழி, செவிலி, நற்றாய் வழியாகத் தந்தையை இறுதியில் அடையும். இங்கோ தந்தை தாமே உணர்ந்துகொள்கிறார். அவருக்குத் தெரியாதெனப் பிறர் கருதிய ஆங்கிலத்தில் சைமனிடம் மட்டும் அதனை வெளியிட்டு, சிவப்பு உறையில் பணமும் தந்து, ஏனையோர் அறியலாகாது என்கிறார். மகன் வாயிலாக அறிந்த தாயோ தந்தையிடம் மறைக்கச் சொல்கிறார். அனைவரும் அறிகின்றனர், அறிந்தது கைமாறுவதில்லை.

இதனைப் பெற்றோரின் ஏற்பு எனப் பாராட்டுவது எளிது. ஆனால் சைமனுக்குக் கிட்டும் உறவுத்தகுதி, அதனை அவன் எவரிடமும் சொல்லாதிருக்கும்வரை மட்டுமே செல்லும். தோழியாக நின்றிருக்கக்கூடிய வெய்வெய்யையும் கதை மணமகளாக்கிவிட்டது.

மதுரையிலிருந்து சென்னை வந்த இரு பெண்களின் வழக்கில் (ஆணை: 7.6.2021) சென்னை உயர்நீதிமன்றம் அவர்களையும் பெற்றோரையும் உளவியல் ஆற்றுப்படுத்துநரிடம் அனுப்பியது. அங்கே தோழியின் இடத்தில் நின்றது நீதிமன்றம்.