‘ஸ்கூப்’ தொடரும் எங்கள் வீட்டுப் பார்வையாளர்களும்

ஹன்சல் மேத்தா இயக்கிய ‘ஸ்கூப்’ என்ற இந்தித் தொடர் 2023 ஜூன் 2ஆம் திகதி நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. மொத்தம் ஆறு பாகங்கள். பத்திரிகை, பொலிஸ், நீதிமன்றம் என்ற மூன்றும் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு நடக்கின்ற கதை. அதே ஆண்டு பூசானில் நடந்த விருது விழாவில் ஆசியாவின் சிறந்த தொலைக்காட்சித் தொடராகவும் அது தெரிவானது. இவ்வளவு பிந்தி அதைப் பற்றி எழுதுவதா என்று சஞ்சிகை வாசகர்கள் நினைக்கலாம். அப்புத்தளைக்கு எல்லாமே பிந்தித்தான் வரும், ரயில் உட்பட. அது ஒருபுறம் இருக்க, நான் எழுத நினைப்பது தொடரைக் காட்டிலும் அதைப் பார்த்தவர்களைப் பற்றித்தான். நாடக விமர்சனம் எழுதுபவர்கள் பார்வையாளர் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்பது எனது நீண்ட நாள் குறை.

பண்டாரவளையில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் மச்சினனின் மகன்தான் அதைக் கொண்டுவந்தான். டிசம்பர் விடுமுறை. மாலை நான்கு மணிக்கே மூட்டம் இறங்கி எதிர்வீடு மறைந்துவிடுகின்ற நாட்கள். இஷாத் தொழுகை முடிந்ததும் எங்கள் முன்னறையில் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள். மனைவி, மாமி, உயர்தரம் படிக்கும் மகள், ஹாட்வெயார் கடை நானா, என்னோடு படிப்பிக்கும் தோட்டத்து ஆசிரிய நண்பர் ஒருவர், இன்னும் சிலர். வசனம் இந்தியில் ஓடும். கீழே ஆங்கில எழுத்து. கலாசாலையில் ஆங்கிலத்தை ஒருவாறு தேற்றிக்கொண்டவன் என்பதால் மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வாய்த்தது. மாமிக்குத் தெரிந்த இந்தி முழுவதும் பழைய சினிமாப் பாட்டு. ஆனாலும் எங்கள் எல்லோரையும் விடக் கதையை முந்திப் பிடித்தவர் அவர்தான்.

கதை உண்மையில் நடந்தது. 2011 ஜூன் 11ஆம் திகதி மும்பையின் பவாய் பகுதியில் ஜே.டே என்ற மூத்த குற்றச்செய்தியாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். பாதாள உலகத் தலைவன் சோட்டா ராஜனின் ஆட்கள் செய்த கொலை அது. அதே ஆண்டு நவம்பரில், போட்டிப் பத்திரிகையொன்றில் குற்றச்செய்திப் பிரிவில் உயர் நிலையில் இருந்த ஜிக்னா வோரா கைது செய்யப்பட்டார். டேயின் முகவரியையும் மோட்டார் சைக்கிள் இலக்கத்தையும் ராஜனுக்குக் கொடுத்தவர் அவர் என்பது பொலிஸ் தரப்பு. பைகுல்லா சிறையில் ஒன்பது மாதங்கள். 2012இல் பிணை. 2018 மே 2ஆம் திகதி விசேட நீதிமன்றம் ராஜனுக்கும் வேறு எட்டுப் பேருக்கும் ஆயுள் தண்டனை விதித்து, வோராவை விடுதலை செய்தது. அடுத்த ஆண்டு மும்பை உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அவர் எழுதிய சிறை நினைவு நூலே தொடருக்கு மூலம். தொடரில் அவர் பெயர் ஜாக்ருதி பாட்டக். கரிஷ்மா தன்னா நடித்திருக்கிறார்.

முதல் இரவே ஹாட்வெயார் நானாவுக்கு ஜாக்ருதியைப் பிடிக்கவில்லை. முன்பக்கத்தில் தன் பெயர் வரவேண்டும் என்று அவள் ஓடும் ஓட்டம், கூட வேலை செய்பவர்களிடம் பேசும் தோரணை, இதெல்லாம் ‘கூடிப் போச்சு’ என்றார். அவளைப் பிடித்துக்கொண்டு போனபோது அவர் வாயிலிருந்து வந்த சொல் “வேணும்” என்பதுதான். குற்றம் செய்யவில்லை என்பதை நானாவும் கண்ணால் பார்த்திருந்தார். இருந்தும், கொலைக்கு இல்லாவிட்டாலும் தலைக்கனத்துக்காவது ஒரு நாள் உள்ளே இருக்கட்டும் என்ற நியாயம் அவரிடம் இருந்தது. நானா கெட்ட மனிதர் அல்லர். ஊரில் மையித்து விழுந்தால் முதல் ஆளாக நிற்பவர்.

என் மனைவி அவருக்குப் பதில் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகும்போது, “பொம்பளை இரவில் வேலைக்குப் போனா அதுவே முதல் குற்றப்பத்திரிகை” என்று பொதுவில் சொல்லிவிட்டுப் போனாள். இத்தொடரைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் கூர்மையானது இது. ஜாக்ருதி கணவனைப் பிரிந்தவள், ஒரு பிள்ளைக்குத் தாய். அவளுக்கு எதிராகப் பத்திரிகைகள் எழுதுகின்றவற்றில் பாதி கொலையைப் பற்றியதே அல்ல. யாரோடு பழகினாள், எப்படி உயர்ந்தாள் என்பவைதான். மாமிக்கு வழக்கில் அக்கறையில்லை. ஒவ்வோர் இரவும் “புள்ள எங்க?” என்று மட்டும் கேட்பார். புறம் பேசுவது பற்றி நாங்கள் ஹதீஸ் மஜ்லிஸ்களில் எவ்வளவோ கேட்கிறோம். அது அச்சில் ஏறி விலைக்கு வந்தால் செய்தி என்று பெயர் மாறிவிடுவதை மாமி எங்களுக்கு முன்னரே உணர்ந்துகொண்டார்.

மகளுக்கு வேறொரு ஏமாற்றம். இவ்வளவு பெரிய வழக்கில் வழக்கறிஞர் எழுந்து நின்று ஒரு நீண்ட வசனம் பேசவில்லையே என்றாள். அவளைக் குறை சொல்லி என்ன? 1952இல் வந்த ‘பராசக்தி’யும் 1984இல் வந்த ‘விதி’யும் எமக்குக் காட்டிய நீதிமன்றம் அப்படிப்பட்டது. வசனம் முடிந்தால் நீதி கிடைத்துவிடும். காணி வழக்கொன்றுக்காக வாப்பாவோடு சின்ன வயதில் அலைந்த எனக்கு, நீதிமன்றம் என்றால் திகதி. ஒரு திகதியிலிருந்து இன்னொரு திகதி. ‘ஸ்கூப்’ அந்த அலுப்பைக் காட்டுகிறது. நடுப்பாகங்கள் இழுபடுகின்றன என்று பலரும் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருப்பவளுக்கும் காலம் அப்படித்தானே இழுபட்டிருக்கும்?

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஜாக்ருதி கைதான பிறகு வரும் பாகத்தை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இரவு, தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் மழைக்கு ஒதுங்கி வந்து அமர்ந்தார். முந்திய பாகங்களை அவர் பார்த்திருக்கவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, “சும்மா பிடிப்பானா மாஸ்டர்? நெருப்பில்லாம புகையுமா?” என்றார். அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலிலிருந்து பார்த்த எங்களுக்கு அவள் என்ன செய்தாள், என்ன செய்யவில்லை என்று தெரியும். நடுவில் வந்தவருக்குத் தெரிந்தது கைவிலங்கும் கேமராக்களும் மட்டும். சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பத்திரிகை வாசகன் என்பவன் எப்போதும் நடுவில் வந்து அமர்பவன். முதல் பாகத்தை அவனுக்கு யாரும் காட்டுவதில்லை.

இதில்தான் தொடரின் பெரிய குறை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஜாக்ருதியின் பக்கத்திலேயே நம்மை முதலிலிருந்து உட்காரவைத்துவிடுவதால், நாம் நல்லவர்களாக இருப்பது மிகச் சுலபமாகிவிடுகிறது. அவள்மேல் ஒரு கணமாவது சந்தேகப்பட வைத்துவிட்டுப் பிறகு உண்மையைக் காட்டியிருந்தால், பார்வையாளர் தம் முகத்தையும் பார்த்திருப்பர். எங்கள் வீட்டில் அந்த வாய்ப்பு மழைக்கு ஒதுங்கிய கிளாக்கர் ஐயாவுக்கு மட்டுமே கிடைத்தது.

எனக்கு அது 2019இலேயே கிடைத்துவிட்டது. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த அந்த வாரங்களை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மே 23ஆம் திகதி ‘திவயின’ பத்திரிகை, சுமார் 4000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்கு வைத்தியர் ஒருவர் இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று முன்பக்கத்தில் போட்டது. மறுநாள் குருநாகல் போதனா வைத்தியசாலை டொக்டர் ஷாபி சிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். ஜூன் இறுதியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே, அக்குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை 25ஆம் திகதிதான் அவருக்குப் பிணை கிடைத்தது.

அந்தப் பத்திரிகை வந்த நாள், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் அது மேசைமேல் கிடந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். வாசித்தேன். சுற்றியிருந்தவர்கள் என் தொப்பியையும் தாடியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் தாழ்ந்த குரலில் நான் கேட்டது இது: “ஏதாவது இருக்குமோ?” ஒரு சத்திர சிகிச்சையில் தாதியர், மயக்க மருந்து கொடுப்பவர் என்று எத்தனை பேர் கூட நிற்பார்கள், எவருக்கும் தெரியாமல் நாலாயிரம் முறை ஒருவர் எப்படிச் செய்வார் என்று யோசிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. நான் படித்தவன், ஆசிரியன், அவருடைய சமூகத்தவன். எனக்கே இரண்டு நாள் எடுத்ததென்றால், கிளாக்கர் ஐயாவைப் பார்த்து நான் சிரித்தது எந்த வகையில் நியாயம்? செய்தி வந்தால் விசாரித்து அறியுங்கள் என்ற கட்டளையை அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் எத்தனையோ தடவை ஓதியவன் நான்.

சட்டத்தின் பக்கத்தையும் தொடர் சற்று அவசரமாகவே கடந்துவிடுகிறது. வோரா மீது பாய்ந்தது மகாராஷ்டிராவின் 1999ஆம் ஆண்டுத் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டம். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. இச்சட்டத்திலோ, பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியாகும். இதை நான் நிறுத்தி விளக்கப் போனபோது ஆசிரிய நண்பர், “சேர், இது நம்மட சட்டந்தானே” என்றார். உண்மை. எமது 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரமே போதும். தோட்டப் பிள்ளைகளுக்கும் வடக்குப் பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டம் பழக்கம். 2019க்குப் பிறகு எமக்கும் பழக்கமாயிற்று. எழுதுபவர்களான நாம் அஹ்னாப் ஜஸீமை மறந்துவிட முடியாது. ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியை 2017இல் வெளியிட்ட அந்த இளம் ஆசிரியர் 2020 மே மாதம் கைதானார். வன்முறைக்கு எதிராகப் பேசுகின்ற கவிதைகளைக் கொண்ட தொகுதியிலேயே தீவிரவாதம் இருப்பதாகச் சொன்னார்கள். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கவிதையைத் தவறாக வாசித்தால் பரீட்சையில் புள்ளி குறையும் என்றுதான் நான் மாணவருக்குச் சொல்லி வந்தேன்.

தொடரின் பலம் என்று நான் கருதுவது பத்திரிகை ஆசிரியர் இம்ரான் சித்தீக்கியின் பாத்திரம். முகம்மது ஸீஷான் அய்யூப் நடித்திருக்கிறார். நிர்வாகத்துக்கும் தன் செய்தியாளருக்கும் நடுவில் நசுங்கும் மனிதர். முஸ்லிம் என்பதற்காக அவர் குண்டு வைக்கவும் இல்லை, தேசபக்தியை நிரூபிக்க நெஞ்சில் குண்டு வாங்கவும் இல்லை. வேலைக்குப் போகிறார், கவலைப்படுகிறார், தவறும் விடுகிறார். இந்தியத் திரையில் இப்படியொரு சாதாரண முஸ்லிமைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று நண்பர்தான் முதலில் சொன்னார். நான் கவனித்திருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜாக்ருதி பொலிஸ் அதிகாரிகள் காதில் போட்டதை எழுதியே முன்பக்கம் ஏறியவள். அவள் பேனாவால் அதே முன்பக்கத்துக்கு வந்த மற்றக் கைதிகளுக்கு வீடும் பிள்ளையும் இருந்திருக்காதா? தொடர் இந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஹாட்வெயார் நானாவின் “வேணும்” என்ற சொல்லுக்குள் இந்தக் கேள்விதான் ஒளிந்திருந்ததோ என்று பிறகு யோசித்தேன். அப்படியானால் அவரை நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை.

ஆறு பாகங்கள் குற்றச்சாட்டாக ஓடிய பிறகு, விடுதலையான செய்தி கடைசியில் திரையில் சில வரிகளாக வருகிறது. எங்கள் முன்னறையில் அந்த எழுத்துகள் போய்க்கொண்டிருந்தபோது பாதிப் பேர் எழுந்து வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் வாசித்துச் சொன்னதை மாமியும் மகளும்தான் கேட்டார்கள்.

2022இல், வேலையில்லாமல் இருந்த காலத்துக்குரிய நிலுவைச் சம்பளம் 26 இலட்சம் ரூபாவுக்கு மேல் டொக்டர் ஷாபிக்குக் கிடைத்தது. நாட்டில் மருந்தில்லாத அந்த நாட்களில், அந்தப் பணத்தை மருந்து வாங்குவதற்கென்றே அவர் கொடுத்துவிட்டார். அந்தச் செய்தியை அதே தேநீர்க் கடையில் நான் சற்று உரக்கவே வாசித்தேன். கடைக்காரர் தேநீர் ஆற்றிக்கொண்டே, “அது எந்த டொக்டர், மாஸ்டர்?” என்று கேட்டார்.