'சுத்தம்' என்ற ஒரு சொல் போதுமா? நலக்கல்விக் கட்டுரைகள் மீது ஒரு பார்வை



சுகாதாரம் பற்றிய மாதிரிக் கட்டுரை ஒன்றை எடுத்துப் பாருங்க. 'சுத்தம் சோறு போடும்' என்று தொடங்கும். குப்பை, சாக்கடை, கொசு, நோய் என்று வரிசையாக வரும். 'ஆகவே, நாம் அனைவரும் சுத்தமாக இருக்க வேண்டும்' என்று முடியும். மொழியில் குறை இருக்காது. ஆனால், இதைப் படித்த பிள்ளை நோயைப் பற்றி என்ன தெரிந்துகொண்டது? இங்கே மூன்று குறைகளைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

முதற்குறை: தகவல் பிழை. 'அசுத்தமான சாக்கடையில் பெருகும் கொசுக்களால் டிங்கி பரவுகிறது' என்று எழுதுகிறோம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்து தேங்கிய நீரில்தான் முட்டையிடும். பூச்சாடித் தட்டு, குளியலறைத் தொட்டி, மூடாத வாளி இவையே அதற்குப் போதும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அதேபோல, 'கை கழுவினால் குடற்புழு வராது' என்பதும் பாதி உண்மையே. உருண்டைப் புழுவின் முட்டை வாய் வழியாகப் போகிறது. கொக்கிப்புழுவோ மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து ஏறுகிறது. அங்கே காப்பது செருப்பும் கழிவறையும்தானே?

இரண்டாம் குறை: இடமே இல்லை. மாதிரிக் கட்டுரை எந்த ஊருக்கும் பொருந்தும். அதனாலேயே எந்த ஊருக்கும் பயன்படாது. நம் கிள்ளானிலேயே உலகம் படித்த பாடம் ஒன்று இருக்கிறது. 1901-இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். கிள்ளானிலும், அவ்வாண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) மலேரியா மக்களை வாரிக்கொண்டு போனது. சதுப்பு நிலத்தை வடித்து, காட்டை வெட்டினார்கள். 1901-இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். மறு ஆண்டு 59 பேர்.

கதை இதோடு முடியவில்லை. குன்றுப்பகுதித் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது மலேரியா குறையவில்லை. பல இடங்களில் கூடியது. ஏன்? சமவெளிக் கொசு நிழலான சதுப்பில் வளர்வது. குன்றுக் கொசு வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. மரத்தை வெட்டியதால் அந்த ஓடைகளில் வெயில் விழுந்தது. ஆகவே, குன்றுகளில் நிலத்தடிக் குழாய் பதிக்கவும் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது. அத்தோட்டங்களின் லயங்களில் மாண்டவர்களில் நம் முன்னோர் பலர். அவர்கள் 'சுத்தமாக இல்லாததால்' சாகவில்லை. எந்தக் கொசு, எந்த நீர் என்று தெரியாமல் நிலத்தைத் திருத்தியதால் செத்தார்கள்.

மூன்றாம் குறை: பழி. இதுதான் பெரிய குறை. 'சுத்தமாக இரு' என்று மட்டும் சொன்னால், நோய் வந்த பிள்ளை அசுத்தமான பிள்ளை என்றாகிவிடும். 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டு, நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு நீர் நின்றது. அது கோவிட் காலம். நிமிடத்துக்கு நிமிடம் 'கை கழுவுங்க' என்றோம். குழாயில் காற்றுதான் வந்தது. நகரத்துக்கே இந்தக் கதி என்றால், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் உள்ள பள்ளிப் பிள்ளையின் வீட்டை நினைத்துப் பாருங்க. நீர் சேமிக்க வாளிகளை நிரப்பி வைக்கிறார்கள். மூடாத வாளியில் ஏடிஸ் வளர்கிறது. குற்றம் அந்தப் பிள்ளையுடையதா?

'தேர்வில் மொழிக்குத்தானே புள்ளி?' என்று சிலர் கேட்பீர்கள். கருத்துக்கும் புள்ளி உண்டு. நூறு தாள்களில் ஒரே கருத்தைப் படித்துச் சலித்தவருக்கு, காரணத்தோடு எழுதிய ஒரு பத்தி தனியாகத் தெரியும்.

மாணவர்களே, ஒவ்வொரு கருத்துக்கும் நான்கு கேள்வி கேளுங்க: எந்த நோய்? அது எவ்வழியாக உடலுக்குள் வருகிறது? அவ்வழியை எங்கே அடைக்கலாம்? அடைக்க வேண்டியவர் யார்: நானா, பள்ளியா, தோட்ட நிர்வாகமா, ஊராட்சி மன்றமா? நான்காவது கேள்விக்குப் பதில் எழுதும்போது பழி தானாக விலகிவிடும்.

ஆசிரியர்களே, சுவரொட்டி வரைவதற்கு முன் பிள்ளைகளோடு பள்ளியைப் பத்து நிமிடம் சுற்றி வாங்க. நீர் தேங்கும் இடங்களை எண்ணச் சொல்லுங்க. கழிவறையில் சவர்க்காரம் இருக்கிறதா, குழாய் சின்னப் பிள்ளைக்கு எட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்க. நீர் குறைந்த நாளில் ஒரு குவளை நீரால் எப்படிக் கை கழுவுவது என்று செய்து காட்டுங்க: நனைத்து, சவர்க்காரத்தால் இருபது வினாடி நன்றாகத் தேய்த்து, மெல்ல ஊற்றிக் கழுவினால் போதும். கிருமியைக் கழற்றுவதில் பெரும்பங்கு தேய்ப்புக்கே. பிள்ளைகள் எண்ணிய கணக்கைத் தலைமையாசிரியரிடம் கொடுக்கச் செய்யுங்க. பிறகு கட்டுரை எழுதச் சொல்லுங்க; பழமொழி தேவைப்பட்டால் கடைசியில் சேர்த்துக்கொள்ளட்டும்.