நடுவர் நாற்காலியில் கேள்வி கேட்பவர்

இலக்கியக் கூட்டங்களில் இப்போது தனியுரையைவிட கலந்துரையாடல் அதிகம். நாலு நாற்காலி, நாலு மைக், ஓரத்தில் ஒருவர் கையில் தாளோடு. அவரை ஒருங்கிணைப்பாளர், நெறியாளர், மட்டுறுத்துநர் என்று அழைப்பிதழுக்கு ஒரு பெயரில் போடுகிறார்கள். பெயரே இன்னும் நிலைக்கவில்லை. ஏன்னா இப்படி ஒரு ஆள் நம் மேடைக்குப் புதுசு. நம்மிடம் இருந்தது தலைவர், அப்புறம் பட்டிமன்ற நடுவர்.

தலைவர் தலைமையுரை ஆற்றுவார். நடுவர் தீர்ப்பு சொல்வார். இரண்டு பேருக்குமே கேள்வி கேட்கும் வேலை கிடையாது. சாலமன் பாப்பையாவைப் பாருங்கள். ஒருவர் பேசி முடித்ததும் ஒரு அடி அடிப்பார், சபை சிரிக்கும், அடுத்தவர் வருவார். அது தனிக்கலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே தோரணையை நாவல் பற்றிய அமர்வுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை மாதத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிடலாம். முதல் பத்து நிமிடம் நெறியாளரின் சொந்த உரை. பிறகு ஒவ்வொருவர் பேசியதும் “அருமையா சொன்னாங்க” என்று ஆரம்பித்து, அவர் சொன்னதையே கொஞ்சம் மோசமாகத் திருப்பிச் சொல்வார்.

கேள்வி என்று வந்தால், “உங்க எழுத்துப் பயணம் பத்திச் சொல்லுங்க.” ஒரு பக்கம்கூட படிக்காமல் யாரிடமும் கேட்கலாம். எழுத்தாளரும் அதற்கென ஒரு கேசட் வைத்திருப்பார், போட்டுவிடுவார். அடுத்து, “இதே கேள்வி உங்களுக்கும்.” மூன்றாமவருக்குச் சொல்ல ஏதும் மிச்சமில்லை. நாலாமவருக்கு வரும்போது நேரம் முடிந்தது என்று சீட்டு வருகிறது. அந்த நாலாவது நாற்காலியில் இருப்பது பெரும்பாலும் முதல் புத்தகம் போட்ட ஆளாகவோ பெண்ணாகவோ இருப்பது தற்செயல் இல்லை. பெண் என்றால் கேள்வியும் வேறு: வீட்டையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பக்கத்து நாற்காலி ஆண்களிடம் வடிவம் பற்றிக் கேட்டுவிட்டு இவரிடம் சமையலறையை விசாரிப்பது, இவர் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதுதான்.

சரி, நல்ல கேள்வி எப்படி இருக்கும்? அமர்வின் தலைப்பு வட்டார வழக்கு என்று வைத்துக்கொள்வோம். “வட்டார வழக்கு அவசியமா?” என்றால் நாலு பேரும் அவசியம் என்பார்கள். ஆனால் கி.ரா.வின் பல கதைகளில் கதை சொல்பவரே கரிசல் பேச்சில்தான் சொல்வார். வேறு பலர் உரையாடலை மட்டும் வழக்கில் எழுதி, விவரிப்பைப் பொதுத்தமிழில் வைத்துக்கொள்கிறார்கள். இப்படி இரண்டு விதமாகவும் எழுதுகிற இரண்டு பேர் மேடையில் இருந்தால், ஒருவரிடம் கேட்கலாம்: “உங்க கதைசொல்லி ஏன் அந்த ஊர்க்காரர்கள் மாதிரிப் பேசறதில்லை? அவர் அந்த ஊரைச் சேர்ந்தவர் இல்லையா?” பதில் வந்ததும் மற்றவரிடம் திரும்பினால் போதும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், நெறியாளர் மறைந்துபோவார். இரண்டு பேரும் எழுத்தில் எங்கே வேறுபடுகிறார்கள் என்று முன்கூட்டியே தேடிப் பிடிப்பது விமர்சகனின் வேலை. விமர்சனத்தைக் கட்டுரையாக எழுதாமல் கேள்விக்குறியோடு சொல்கிறோம், அவ்வளவே.

பெருமாள்முருகன் மேடையில் இருந்தால் ‘மாதொருபாகன்’ சர்ச்சையைக் கேட்காமல் விட மனம் வராது. 2015 ஜனவரியில் தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்ததும், 2016 ஜூலையில் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் முக்கியமான வரலாறுதான். ஆனால் அது தேடினால் கிடைக்கும். அவரிடம் மட்டுமே கேட்கக்கூடிய ஒன்று வேறு இருக்கிறது. அந்த நாவலின் திறந்த முடிவிலிருந்து அவர் ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார். ஒன்றில் காளி இறந்துவிட்டான், இன்னொன்றில் உயிரோடு இருக்கிறான். ஒன்றில் செத்தவனை இன்னொன்றில் எப்படி நடமாட விட்டார்? இரண்டிலும் பொன்னா ஒரே பெண்தானா, இல்லை காளியின் சாவு அவளை வேறொருத்தி ஆக்கிவிட்டதா? இதைக் கேட்க மூன்று நாவலும் படித்திருக்க வேண்டும். அதனால்தான் சர்ச்சையைக் கேட்பது சுலபமாக இருக்கிறது.

இன்னொன்று, தாளில் எழுதிவந்த கேள்விகளை வரிசையாக முடிப்பது. எழுத்தாளர் பேச்சுவாக்கில், “அந்த அத்தியாயத்தை நான் எடுத்துடலாம்னு இருந்தேன்” என்கிறார். அரங்கமே நிமிர்கிறது. நெறியாளர் குனிந்து தாளைப் பார்த்து, “அடுத்த கேள்வி...” என்கிறார். ஏன் எடுக்கல என்ற இரண்டே சொல் போதுமாக இருந்தது. சுபமங்களாவில் வந்தது போன்ற அச்சு நேர்காணலில் விட்டதைப் பிறகு கேட்டுச் சேர்க்க வாய்ப்பு உண்டு. மேடையில் அந்த வாக்கியம் போனால் போனதுதான். கேட்டபின் நாலு நொடி மௌனம் வந்தால் பயந்துபோய் தானே பதிலையும் எடுத்துக்கொடுக்கும் நெறியாளர்களும் உண்டு. அந்த ஆள் யோசிக்கிறார், விடுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் பார்வையாளருக்கு. “இது கேள்வி இல்லைங்க, ஒரு சின்னக் கருத்து” என்று எழுந்து ஆறு நிமிடம் பேசுபவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். பட்டிமன்றத்து மணியை இங்கே தாராளமாகக் கடன் வாங்கலாம். மைக்கை முன்வரிசைப் பெரியவருக்கு நீட்டுவதற்கு முன், நாலாவது நாற்காலியில் இருப்பவரின் புத்தகத்தை யார் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டு, கை தூக்கியவரிடம் முதலில் கொடுக்கலாம்.