நெகிழ்வுடைய தகவல் முறைமையும் வணிக உத்தியும்: ஃபிஷரின் வகைப்பாடு குறித்த மறுபார்வை

விநியோகச் சங்கிலி மேலாண்மையில் வணிக உத்தி பற்றி எழுதுவோர், மார்ஷல் ஃபிஷர் 1997இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் முன்வைத்த வகைப்பாட்டிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றனர். தேவையை எளிதில் கணிக்கத்தக்க அன்றாடப் பொருள்களுக்குச் செலவு குறைந்த சங்கிலி, கணிக்க இயலாத புதுமைப் பொருள்களுக்குச் சந்தைக்கேற்ப விரைந்து இயங்கும் சங்கிலி என்பது அதன் சாரம். எளிமையே அதன் வலிமை. ஆனால், தேவையின் நிச்சயமின்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்வதால், சந்தையிலிருந்து ஆலைக்கு வரும் தகவலே அங்கு முதன்மை பெறுகிறது. வழங்குநரிடமிருந்து வரும் செய்தி என்னவாகிறது என்னும் வினா எழுவதில்லை.

2000 மார்ச் 17 அன்று நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரிலிருந்த பிலிப்ஸ் சில்லு ஆலையில் மின்னல் தாக்கித் தீப்பற்றியது. தீ சில நிமிடங்களில் அணைக்கப்பட்டது. தூய அறைகளில் பரவிய புகையும் நீருமே பெருஞ்சேதம் விளைவித்தன. நோக்கியா, எரிக்சன் இரண்டும் செல்பேசிச் சில்லுகளை இவ்வாலையிலிருந்து பெற்றுவந்தன. பொருள் ஒன்றே, சந்தையும் ஒன்றே. செய்தியும் சில நாள்களுக்குள் இரு நிறுவனங்களுக்கும் சென்றது. நோக்கியா சில்லு வரவை நாள்தோறும் கண்காணித்து, சேதத்தின் அளவு தெரிந்ததும் பிலிப்ஸின் பிற ஆலைகளையும் வேறு வழங்குநர்களையும் நாடியது. எரிக்சனில் அச்செய்தி மேல்மட்டத்தை எட்ட வாரங்கள் ஆயின. எட்டியபோதோ, அந்நிறுவனத்திடம் மாற்று வழங்குநர் இல்லை. செலவைக் குறைக்க ஒரே வழங்குநரைச் சார்ந்திருப்பது அது முன்னரே வகுத்த உத்தி. விற்பனை இழப்பு ஏறத்தாழ 40 கோடி டாலர். 2001இல் எரிக்சன் தன் செல்பேசித் தொழிலைச் சோனியுடனான கூட்டு நிறுவனத்திற்கு மாற்றியது. தீவிபத்து மட்டுமே அதற்குக் காரணம் என்பது மிகை.

ஹௌ லீ 2002இல் வழங்கல் பக்க நிச்சயமின்மையையும் சேர்த்து ஃபிஷரின் வகைப்பாட்டை விரித்தார். குறையின் பெரும்பகுதி அதனால் நீங்குகிறது. எனினும் அங்கும் தகவல் முறைமை, உத்தியைத் தேர்ந்த பின் வரும் கருவியாகவே நிற்கிறது. எரிக்சனின் நேர்வில் உத்தியே தகவலைப் பயனற்றதாக்கியது. செய்தியைப் பெறுபவரிடம் முடிவெடுக்கும் அதிகாரமும் மாற்று வழியும் இல்லாதவிடத்து எம்மென்பொருளும் நெகிழ்வைத் தராது.

தரவுப் பகிர்வின் வேகத்தையும் முறைமை ஒருங்கிணைப்பையும் மட்டும் ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டு, விடைக்கு ‘நெகிழ்வு’ எனப் பெயரிடும் வினாநிரல்கள் அன்றைய எரிக்சனுக்கும் நல்ல மதிப்பெண் வழங்கியிருக்கக்கூடும். மாற்று வழங்குநர்களின் எண்ணிக்கையும், இடையூற்றுச் செய்தி முடிவெடுப்பவரைச் சேரக் கடக்கும் படிநிலைகளும் அதே மாறியின் கூறுகளாக அளக்கப்பட வேண்டும். களத்தில் இது எளிதன்று; கொள்முதல் பிரிவினர் வழங்குநர் பட்டியலை ஆய்வாளரிடம் எளிதில் காட்டுவதில்லை.