கையொப்பம் யாருடையது?

மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போன ரிஸானா நபீக்குக்கு அப்போது 17 வயது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டியிருந்தார்கள். பராமரித்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. உலகமயமாக்கல் இலங்கை முஸ்லிம் பெண்ணுக்குக் கேடே செய்தது என்போர் இதைக் காட்டுவார்கள். அதே வளைகுடாப் பணத்தில் படித்துப் பட்டம் பெற்ற பெண்களை மறுதரப்பினர் காட்டுவார்கள். இரண்டையும் நிறுக்க ஒரே கேள்வி போதும்: தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை அவளுக்குக் கூடியதா?

முதலில் கல்வி. 1945இன் இலவசக் கல்வியும் ஊருக்குள் அமைந்த முஸ்லிம் பாடசாலைகளும், 1977இன் திறந்த பொருளாதாரத்துக்கு முன்பே அவளுக்கு வழிவிட்டன. 1990களில் ஒலுவிலில் எழுந்த பல்கலைக்கழகம் தூரத்தைக் குறைத்தது. வெளிநாட்டுக் காசு டியூஷனுக்கும் பஸ்ஸுக்கும் உதவியது உண்மைதான். அடித்தளம் போட்டது அதுவல்ல. அந்தக் காசுக்காக உம்மா கடல் கடந்தபோது, அடுப்படியையும் தம்பிமாரையும் ஏற்றுப் படிப்பை விட்ட மூத்த மகள்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்து அடையாளம். சேலை முந்தானையே முக்காடாக இருந்த ஊர்களில் அபாயா பரவியது. இதை 'அரபுமயம்' என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு. விரும்பி அணிந்தவர்கள் உண்டு. அபாயாவால்தான் பல்கலைக்கழகம் போக வீட்டில் சம்மதம் பெற்றவர்களும் உண்டு. குறை துணியில் இல்லை, அதை வாசல் தாண்டுவதற்கான நிபந்தனையாக்கியதில் இருக்கிறது. 2018இல் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயாவை எதிர்த்தவர்களும் அதே நிபந்தனையைத்தான் மறுபக்கமிருந்து விதித்தார்கள்.

எனவே உலகமயமாக்கல் அவளுக்கு நடமாட்டத்தைக் கொடுத்தது, அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. ஆனால் அதிகாரம் பறிபோன பழியை அதன்மேல் போடவும் முடியாது. 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கொழும்பில் இயற்றப்பட்டது. அதன்படி நிக்காஹ் பதிவில் மணமகள் தரப்பில் வொலி, அதாவது அவளுடைய ஆண் பொறுப்பாளர், ஒப்பமிட்டால் போதும். மணமகளின் ஒப்பத்தை அச்சட்டம் கேட்கவில்லை. அவள் காதி நீதிபதியாகவும் முடியாது. இதைத் திருத்தும் பொறுப்பு நம் நாடாளுமன்றத்துக்கும் ஜமாஅத்துகளுக்கும் உரியது. பட்டச் சான்றிதழ் பெற்ற கைக்குத் தன் நிக்காஹ் பதிவேட்டில் சட்டம் உறுதிசெய்த இடமில்லாதவரை, அவளுடைய கல்வி முழுமை பெற்றதென்று ஒப்ப மாட்டேன்.